பெயரற்ற முகங்கள்: மலையகத்தின் பழைய நிழற்படங்கள் குறித்து ஒரு நோக்கு

டிக்கோயாவிலிருந்து புறப்பட்டு நோர்வூட்டைக் கடந்து செல்லும் வீதி பொகவந்தலாவையைச் சென்றடைகின்றது. அங்குள்ள புனித மரியாள் ஆலயம் எனும் சிறிய அங்கிலிக்கன் கோயிலின் வளவில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். மனைவி ஜூலியா மார்கரட் கமரன். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நிழற்படக் கலையின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் அவ்வம்மையார், 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். இலண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய நூதனசாலைகள் அருஞ்செல்வமாகப் பேணிவரும் படங்களை எடுத்த கை, நோர்வூட்டுக்கு அண்மையிலேயே மண்ணுள் அடங்கிக் கிடக்கின்றது. வெளிநாட்டுப் பயணிகள் அக்கல்லறையைத் தேடி வருவதுண்டு. சுற்றியுள்ள மலைகளிற் கொழுந்து பறிப்போருக்கோ அவர், என்றோ வாழ்ந்து மறைந்த துரைசாணிமாருள் ஒருவர், அவ்வளவே.

பழைய நிழற்படங்கள் மீது மனிதர் கொள்ளும் ஈர்ப்பினை ஆராயப் புகுவோருக்கு இக்கல்லறையை விடப் பொருத்தமான தொடக்கம் இலங்கையில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. ஏனெனில் மலையகத்தைப் பொறுத்தவரை அந்த ஈர்ப்பு வெறும் இரசனை சார்ந்த ஒன்றன்று. யாருடைய முகம் பதிவாயிற்று, யாருடைய பெயர் பதிவாயிற்று, அவ்விரண்டும் ஒரே இடத்தில் ஏன் பதிவாகவில்லை என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன.

சார்ள்ஸ் கமரன் இலங்கை வரலாற்று மாணவர் அறிந்த பெயர். கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் இரண்டாவது உறுப்பினர் அவர். 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டமையும், அடுத்த ஆண்டு நீதிபரிபாலனம் புதிதாக ஒழுங்கமைக்கப்பட்டமையும் அவ்வாணைக்குழுவின் பரிந்துரைகளின் விளைவுகள். கட்டாய ஊழியம் ஒழிந்து கூலியுழைப்பும் தனியார் மூலதனமும் இந்நாட்டில் வேரூன்றுவதற்கு வழிசமைத்த சீர்திருத்தங்கள் அவை. அச்சீர்திருத்தங்கள் வழங்கிய வாய்ப்பினைப் பயன்படுத்திக்கொண்டோருள் கமரனும் ஒருவர். இலங்கையிற் பெருமளவு நிலத்தை அவர் தமதாக்கிக்கொண்டார். 1869இற் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. அது பரவி வந்த காலத்தில், 1875இல், குடும்பத்தின் பொருள் நிலையும் முதியவரின் விருப்பமும் பிள்ளைகள் சிலர் இங்கிருந்தமையும் சேர்ந்து அத்தம்பதியரை இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வரச்செய்தன. அவர்கள் கப்பலேறிய போது தமக்கான சவப்பெட்டிகள் இரண்டையும் உடன்கொண்டு வந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. கணவர் வகுக்க உதவிய பொருளாதார அமைப்பு உருவாக்கிய தொழிலாளரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின் மனைவி தம் கருவியின் முன் நிறுத்தினார் என்பது தற்செயலாய் நேர்ந்ததாயினும் சிந்தனைக்குரியது.

அம்மையார் கமராவைக் கையிலெடுத்த போது அவருக்கு வயது 48. மகளும் மருமகனும் 1863ஆம் ஆண்டு இறுதியில் அதனைப் பரிசாக அளித்தனர். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் இயற்றியவை வியக்கத்தக்கன. இன்று அறியப்பட்டுள்ள அவருடைய படங்கள் 1,200க்கு மேற்பட்டவை. தெனிசன், டார்வின், கார்லைல், வானியலாளர் ஹேர்ஷல் போன்றோரின் முகங்களைச் சட்டகம் முழுவதும் நிரம்புமாறு அவர் அண்மையில் நின்று எடுத்தார். குவியம் சற்றே நெகிழ்ந்து, ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழ, இருளிலிருந்து முகம் வெளிப்படும் அப்படங்கள் அவரது முத்திரையாயின. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அவரது படங்களிற் கன்னி மரியாளாக அமர்ந்தாள். வீதியில் இரந்து நின்ற குடும்பத்துச் சிறுமி மேரி றயன் இலக்கியப் பாத்திரங்களானாள். ஏழைப் பெண்களுக்கு அவர் இன்னொரு பெயரைச் சூட்டினார் என்பது உண்மையே. ஆயினும் அவர்தம் சொந்தப் பெயர்களும் எஞ்சியுள்ளன.

இலங்கையில் நிலைமை வேறு. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியுள்ளவை முப்பதுக்கும் குறைவானவை என்பர். அவற்றில் தோன்றுவோருள் தோட்டத் தொழிலாளரான தமிழரும் உள்ளனர் என்பது ஆய்வாளர் கருத்து. 1877இல் ஓவியர் மறியான் நோர்த் களுத்துறையில் அவரது விருந்தினராகத் தங்கியிருந்த போது, கம்பளி ஆடை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையிற் குத்த, கொதிக்கும் வெயிலில் நிற்கவைத்துப் படமெடுக்கப்பட்ட அனுபவத்தை நகைச்சுவையோடு எழுதிவைத்துள்ளார். அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஓர் ஊழியனின் முதுகின் அழகிலே மயங்கிய அம்மையார், தமக்குத் தோட்டமே இல்லாதிருந்தும் அவனைத் தோட்டக்காரனாக அமர்த்திக்கொண்டாராம். அவனுடைய முதுகு இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. பெயர் இடம்பெறவில்லை.

இலங்கைப் படங்களுள் களுத்துறைக் குடியானவர் எனக் குறிக்கப்பட்ட 1878ஆம் ஆண்டுப் படமொன்று தனித்துக் கருதத்தக்கது. அதன்கீழ் அம்மையாரே எழுதிய குறிப்பு, பெண்ணின் வயது 12 என்றும், கிழவர் தம்மை அவளுடைய தந்தையெனக் கூறுகின்றார் என்றும், தமக்கு வயது நூறு எனச் சொல்லிக்கொள்கின்றார் என்றும் தெரிவிக்கின்றது. இரண்டு வயதுகளும் ஓர் உறவுமுறையும் உள்ளன. பெயர் ஒன்றேனும் இல்லை. கிழவரின் கூற்று உண்மையெனின் அவர் ஒல்லாந்தர் ஆட்சியிற் பிறந்து, ஆங்கிலேயர் வருகையையும் கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியையும் கண்டவராதல் வேண்டும். அம்மையார் அதை நம்பினார் என்று சொல்வதற்கில்லை. "சொல்கின்றார்" என்னும் வினை அவரது ஐயத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. எனினும் படத்திலுள்ள ஒருவர் தம்மைப்பற்றித் தாமே சொன்ன சொல்லின் எதிரொலி அக்குறிப்பிற் கேட்கின்றது. அக்காலத்து இலங்கைப் படங்களில் இது அரிதினும் அரிது. பெயரையும் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இப்படங்களின் அமைதி பற்றி விமரிசகர் பலர் பேசுவர். உதட்டிற் சிரிப்பில்லை, கண்கள் நிலைகுத்தியுள்ளன, துயரம், கம்பீரம், மௌனமான எதிர்ப்பு என அவரவர் மனப்பாங்குக்கேற்ப அவ்வமைதிக்குப் பொருள் உரைக்கப்படுகின்றது. இவ்விடத்திற் சற்று எச்சரிக்கை வேண்டும். கமரன் கையாண்டது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் சில நிமிடங்களுக்குள் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். ஒளி பதிவதற்குப் பல விநாடிகள் செல்லும். கமரனின் முறையில் அது நிமிடக்கணக்கிலும் நீண்டதுண்டு. அவ்வளவு நேரமும் அசையாதிருக்க வேண்டிய ஒருவர் சிரிப்பது எங்ஙனம்? 1880ஆம் ஆண்டளவில் உலர்தகடு பரவும் வரை, வேலைசெய்யும் கையை வேலைசெய்யும் நிலையிலேயே படம்பிடித்தல் இயலாதிருந்தது. எனவே அதற்கு முற்பட்ட தோட்டக்காட்சிகள் யாவும் நிறுத்திவைத்து எடுக்கப்பட்டவை; உழைப்பின் படங்களாகத் தோன்றும் அவை உண்மையில் உழைப்பை நிறுத்திவிட்டு எடுத்த படங்களே. அமைதி அனைத்தும் உள்ளத்திலிருந்து வந்ததன்று. ஒரு பகுதி இரசாயனத்திலிருந்தும் வந்தது. இன்னொரு வழுவும் அடிக்கடி நேர்கின்றது. 1870களின் படங்களிற் காணப்படும் தொழிலாளரை எல்லோரும் தேயிலைத் தொழிலாளர் என்றே எழுதிவிடுகின்றனர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்டது உண்மை. ஆயினும் அப்பத்தாண்டில் மலைநாட்டின் பெரும் பயிர் கோப்பியே.

கமரனின் சமகாலத்திலும் அவருக்குப் பின்னரும் வணிக நிலையங்கள் இங்கு பெருகின. கொழும்பில் ஸ்கீன் நிலையமும், கண்டியில் தொடங்கிய ஸ்கவனின் நிலையமும், 1890இல் நிறுவப்பட்ட பிளாட்டே நிறுவனமும் அவற்றுட் சில. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஞ்சலட்டை மோகம் உலகெங்கும் பரவிய போது, கூடை சுமந்த தமிழ்ப்பெண் இலங்கையின் அடையாளப் பொருள்களுள் ஒன்றானாள். 1890இல் இங்கு தோட்டங்களை வாங்கிய லிப்டனின் விளம்பரங்களும் அவ்வுருவத்தை மேல்நாட்டுச் சமையலறைகளுக்குக் கொண்டுசென்றன. இவ்வஞ்சலட்டைகளிற் பெண்கள் மூக்குத்தியும் காதணியும் கழுத்தணியும் பூண்டு நிற்பர். அவற்றைக் கண்ட ஆங்கிலேய வாசகன், தோட்டத்தில் வறுமை இல்லை என்று மனநிறைவு கொண்டிருப்பான். வங்கி எட்டாத ஒருத்தி தன் உடைமை முழுவதையும் உடலிலேயே அணிந்து திரிய வேண்டியிருந்தது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை. அஞ்சலட்டைகளின் கலைத்தரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே நிலை, ஒரே செடி, ஒரே புன்முறுவல்.

ஆர்னோல்ட் றைட் பதிப்பித்து 1907இல் வெளியான இலங்கை பற்றிய பெருநூல் இதற்கு மறுபக்கத்தைக் காட்டும். தோட்டங்களின் பெயர், ஏக்கர் அளவு, உடைமையாளர் பெயர், பங்களாவின் படம் என அது விரிந்து செல்கின்றது. துரைமாருக்கு முகமும் பெயரும் உண்டு. தொழிலாளர் கூட்டமாகத் தோன்றுவர். கூட்டத்துக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. இது தோட்டத்துக்கு மட்டும் உரிய வழக்கமுமன்று. பாழடைந்த விகாரைகளையும் தூபிகளையும் படமெடுத்த அக்காலத்தவர், கட்டடத்தின் அளவு புலப்படுவதற்காக ஓர் ஆளை அருகில் நிறுத்துவது வழக்கம். அளவுகோலாக நின்ற மனிதனின் பெயரை யார் கேட்பர்?

அவ்வாறாயின் தொழிலாளரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லையா எனின், எழுதப்பட்டன. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் எழுதப்பட்டன. 1921இல் ஒழிக்கப்படும் வரை வழங்கிய துண்டு என்னும் கடன்சீட்டுமுறை தொழிலாளியைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டபம் வழியாக வந்தோரின் கழுத்திலே தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரவில்லை தொங்கியது. தோட்டத்துப் பேச்சுவழக்கு ஒன்று இவ்விடத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. மலையகத்திற் "பேர்" என்பது ஒருநாட் சம்பளத்தையும் குறிக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தவளுக்குப் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். ஒருவரின் பெயரே பாதியாக வெட்டப்படக்கூடிய கூலி அலகாக மாறிய வழக்கு, தமிழ் வழங்கும் பிற நிலங்களில் உண்டோ என்பது ஐயமே. பெயர்கள் செக்ரோலில் இருந்தன. முகங்கள் அஞ்சலட்டையில் இருந்தன. நூறாண்டுக்கு மேலாக இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மலையகத்தின் பழைய படங்கள் எழுப்பும் ஏக்கத்தின் ஊற்று இவ்விடைவெளியே எனலாம்.

இன்று இப்படங்களை நாடுவோர் இருதிறத்தார். பழைய துரைமார் பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாக மாறிவிட்டன. நோர்வூட்டிலும் அத்தகைய ஒன்று உண்டு. இத்தகைய விடுதிகளின் சுவர்களைப் பழுப்பேறிய படங்கள் அலங்கரிப்பது உலக வழக்கு. அங்கு அப்படங்கள் விற்பது ஒரு காலத்தின் ஓய்வை. அவ்வோய்வு எவருடைய உழைப்பில் விளைந்தது என்ற வினா சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்படும். மற்றத் திறத்தார் அவ்வுழைப்பாளரின் வழித்தோன்றல்கள். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. அவ்வாண்டு பழைய படங்கள் பதாகைகளிலும் மலர்களின் அட்டைகளிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் பெருகின. "எங்கள் பாட்டி" என்று தலைப்பிட்டு ஒருவர் பகிர்ந்த அஞ்சலட்டைப் பெண்ணை, வேறொரு மாவட்டத்தில் இன்னொருவரும் அவ்வாறே உரிமை கொண்டாடக்கூடும். இருவரையும் பழிப்பதற்கில்லை. சொந்தப் பாட்டியின் படம் இல்லாதவர் பொதுப் பாட்டியைத் தத்தெடுத்துக்கொள்கின்றனர்.

பழுப்பு நிறம் பற்றியும் ஒரு சொல். பழமையின் நிறம் எனப் பலரும் நேசிக்கும் அது, படம் பிறந்த போது இருந்த நிறமன்று. 1850இல் பிளாங்காட்-எவ்றாட் அறிமுகஞ்செய்த முட்டைவெண்கருத் தாளிலேயே அந்நூற்றாண்டின் பெரும்பாலான படங்கள் அச்சாயின. பொன் உப்பினாற் பதப்படுத்தப்பட்ட அவை தொடக்கத்திற் செறிந்த ஊதா கலந்த கபில நிறமுடையன. வெண்கரு மஞ்சளிக்க, வெள்ளித் துகள் மங்க, இன்றைய பழுப்பு உண்டாகின்றது. அஃதாவது, அழிவையே நாம் அழகென்று காண்கின்றோம். மரணப்படுக்கையில் கமரன் அம்மையார் இறுதியாக உச்சரித்த சொல் "அழகு" என்பதே என ஒரு செவிவழிக் கதை உண்டு. அவர் எந்த அழகைக் கருதினாரோ. இன்று கணினி கொண்டு பழைய படங்களுக்கு வண்ணம் ஊட்டும் வழக்கமும் வந்துவிட்டது. அது சேலைக்கு ஒரு சிவப்பைத் தரும். மலைக்கு ஒரு பச்சையைத் தரும். அச்சேலை உண்மையில் என்ன நிறமென்று இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போற் காட்டும் இவ்வுதவியைக் காட்டிலும் பழைய மங்கலே நேர்மையானது.

நிழற்படம் பற்றிச் சிந்தித்த மேனாட்டார் கூற்றுகள் மலையகத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் ஆராயற்பாலது. பழைய படம் எதையும் கனிவோடு பார்க்கவைத்து, அதன் பின்னாலுள்ள நியாய அநியாயங்களை மழுங்கச்செய்துவிடும் என 1977இல் வெளிவந்த தம் நூலிற் சூசன் சொன்ராக் எச்சரித்தார். பங்களாச் சுவர்களுக்கு இது முற்றும் பொருந்தும். 1980இல் நூலெழுதிய றோலண் பார்த், தம் தாயின் இளம்பருவப் படமொன்றைப் பற்றியே பல பக்கங்கள் உரைத்துவிட்டு, அப்படத்தை மட்டும் நூலில் அச்சிடாது விட்டார். அது தமக்கு மட்டும் உரியது என்பது அவர் கருத்து. சிறந்த நுண்ணுணர்வுதான். ஆனால் மறைத்துவைப்பதற்கும் ஒரு படம் கையில் இருத்தல் வேண்டும்! லயத்துக் காம்பராவிற் பிறந்து மறைந்த தலைமுறைகளுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. இவர்களை விட வோல்ட்டர் பெஞ்சமினே மலையகத்துக்கு அண்மையில் நிற்கின்றார். 1931இல் எழுதிய கட்டுரையில் அவர், ஸ்கொட்லாந்துப் படப்பிடிப்பாளர் ஹில் எடுத்த மீன்காரப் பெண்ணொருத்தியின் படத்தைப் பற்றிப் பேசுகின்றார். ஓவியமாயின், இரண்டு தலைமுறைக்குப் பின் அதிலுள்ளவர் யாரென்று எவரும் கேளார். தீட்டியவனின் திறமையே நிற்கும். நிழற்படமோ அப்படி அடங்குவதில்லை. உயிரோடிருந்த அப்பெண் தன் பெயரைக் கேட்டு நம்மை வற்புறுத்திக்கொண்டே இருக்கின்றாள் என்பது அவர் கருத்தின் சாரம். அம்மீன்காரப் பெண் ஊர்ப்பெயராலேனும் அறியப்பட்டாள். கமரனின் தோட்டத்துப் பெண்களுக்கு அதுவும் அரிது.

இப்படங்கள் யாவும் ஏகாதிபத்தியக் கண்ணின் படைப்புகள், ஆதலால் ஒதுக்கத்தக்கவை என்று கூறுவோரும் உளர். அவர்தம் சினத்திலுள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் அம்முடிபு அவசரமானது. எடுத்தவன் எடுக்க நினைத்ததை விட அதிகத்தை கமரா பதிந்துவிடும். அதுவே அக்கருவியின் தனிச்சிறப்பு. அழகிய மலைச்சரிவைக் காட்டவந்த படத்தின் ஓரத்தில் லயத்தின் தாழ்ந்த கூரை நுழைந்துவிடுகின்றது. கொழுந்துக்காரிகளின் வரிசையிற் கூடையின் உயரமே உள்ள பிள்ளையொன்றும் நிற்கின்றது. வெறுங்கால்களுக்கு நடுவே கங்காணி மட்டும் கோட்டும் தலைப்பாகையுமாகத் தோன்றுகின்றார். ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் அக்கோட்டிற் புலப்படுகின்றது. சம்பளப் புத்தகமோ தேசாதிபதியின் அறிக்கையோ இவற்றைச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்தவருக்கு ஏகாதிபத்தியத்தின் படமே ஏகாதிபத்தியத்துக்கு எதிரான சாட்சியாகும். இவ்வகையிற் கமரனின் இலங்கைப் படங்களை அஞ்சலட்டைகளோடு ஒருசேர வைத்தல் தகாது. அஞ்சலட்டை ஒரு வகையைக் காட்டுகின்றது. எவரை நிறுத்தினாலும் அதற்கு ஒன்றே. கமரனோ, இன்ன மனிதர் என்று தேர்ந்து நிறுத்தினார். எனினும் இங்கிலாந்தில் முகத்தின் மிக அண்மைக்குச் சென்றவர், இங்கு பல படங்களிற் சில அடிகள் பின்வாங்கி நின்றதையும் மறைத்தல் ஆகாது. மொழி தடுத்ததோ, நிறம் தடுத்ததோ, தோட்ட உரிமையாளர் என்ற நிலை தடுத்ததோ, அச்சில அடிகளின் தூரம் கண்ணுக்குப் புலனாகின்றது. அவரது மேதைமை குறைந்துவிட்டது என்பதை விட, அதன் எல்லை இங்கு வெளிப்பட்டது என்பதே பொருந்தும்.

முகமும் பெயரும் இறுதியில் ஒரே தாளிற் சந்தித்தன. ஆனால் சந்தித்த சூழல் கொடியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியா செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு நிழற்படம் வேண்டும். மலைநாட்டு நகரங்களின் ஸ்டூடியோக்களில், வரைந்த திரையின் முன், இரவல் கோட்டோடும் சலவைச் சேலையோடும் பலர் தம் வாழ்வின் முதற் படத்தை எடுத்துக்கொண்டது இவ்வாறே. அரசு அவர்களது முகத்தைக் கேட்டது, அவர்களை அனுப்பிவைப்பதற்காக. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் படத்தையும் பெயரையும் இணைத்தது. பிறப்புப் பதிவோ பிரசாவுரிமையோ இல்லாதவருக்கு அது நெடுங்காலம் எட்டாக்கனியாயிற்று. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கலைநோக்கில் இந்த ஸ்டூடியோப் படங்களைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. கமரனையும் லயனல் வென்டையும் பற்றி நூல்கள் உள. ஹற்றனிலோ நோர்வூட்டிலோ கடை வைத்திருந்த படப்பிடிப்பாளரைப் பற்றி அத்தகைய நூல்கள் இல்லை. ஒளி ஒரே சீராக விழும். கைகள் எங்கு வைப்பதென்று தெரியாமல் முழங்காலிற் கிடக்கும். திரையிலுள்ள மாளிகைப் படிக்கட்டுக்கும் அதன் முன் நிற்கும் வெறுங்காலுக்கும் யாதொரு தொடர்புமிராது. ஆயினும் இவ்வகைப் படத்தில் முதன்முறையாக, நிற்பவரே தம்மை நிறுத்தியுள்ளார். எந்தச் சேலை, எந்தப் பக்கம், எவர் அருகே என்பவை அவர் எடுத்த முடிபுகள், கட்டணமும் அவருடையதே. தமது அரைப்பேரிலும் முழுப்பேரிலும் மிச்சம்பிடித்த காசால் ஒருவர் தம் முகத்தை வாங்கிக்கொண்டார். கமரனின் படங்களிலுள்ள ஒளிநயம் இவற்றில் இல்லை. கமரனின் படங்களில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு.

இவையும் அழிந்துகொண்டே வருகின்றன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் மலைநாட்டு நகரங்களின் தமிழர் கடைகள் பல எரிந்தன. கடையோடு எரிந்தவற்றுக்குக் கணக்கில்லை. 2014 ஒக்டோபரிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்த போது, சுவர்களில் தொங்கியவையும் உடன் புதைந்தன. லயத்து ஈரமும் கூரை ஒழுக்கும் நாள்தோறும் செய்யும் வேலை வேறு. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்றில் இலங்கைத் தேயிலை நூதனசாலை 2001 முதல் இயங்குகின்றது. இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப்பொருள்களும் அங்கு பேணப்படுகின்றன. கம்பளை அருகே பழைய பீக்கொக் தோட்டத்தின் லயமொன்றில், கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகத்தினர் 2007இல் அமைத்த தொழிலாளர் நூதனசாலை அளவிற் சிறியது. தொழிலாளரின் பாத்திரங்கள், கருவிகள், ஆவணங்கள் ஆகியவற்றோடு படங்களும் அங்குள்ளன. முன்னையது தேயிலையின் வரலாறு. பின்னையது தேயிலையைப் பறித்தோரின் வரலாறு. இரண்டுக்கும் செல்லும் மாணவர் தொகையை ஒப்பிட்டால் நமது பல்கலைக்கழகங்களுக்குப் பெருமை சேராது.

நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களில் இன்றும் சில லயத்துக் காம்பராக்களிற் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்த கறுப்பு வெள்ளைப் படங்கள் தொங்குகின்றன. சட்டகத்தைக் கழற்றிப் பார்த்தாற் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். சிலவற்றிற் பேனையால் எழுதிய பெயரும் திகதியும் இருக்கும். பெரும்பாலானவற்றில் எழுத்தில்லை. அவற்றில் நிற்பவர் யாரென்று சொல்லக்கூடியவர், அதே காம்பராவின் வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எண்பது வயது மூதாட்டி ஒருத்தியே. அவள் சொல்வாள், ஒவ்வொரு பெயரையும், அவர் எந்த மலையில் வேலை செய்தார், எந்த ஆண்டு இந்தியா போனார் என்பது வரை சொல்வாள். இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.